மூன்றாவது பொட்டலத்து வெற்றிலை

ஐப்பசி 9, திங்கள். விடிந்ததிலிருந்து தூறல்.

நான் முன்னமே சொன்னதுதான் நடந்திருக்கிறது. வெற்றிலையில் ஈயம். மண்ணில் விஷம் ஏறிவிட்டது என்று பத்து வருடமாகச் சொல்கிறேன். இப்போது மிஷினே சொல்லிவிட்டது.

அக்கா மகள் தேன்மொழிக்கு மதுரை காலேஜில் ஆராய்ச்சி. மென்று தின்னும் இலைகளில் ஈயம், காட்மியம் எவ்வளவு என்று அளக்கிறாள். இலை சேகரிப்பது என் சோலி. மூன்று பொட்டலம். ஒன்று, போடி சந்தை. இரண்டு, போடிமெட்டு ஜீப்பில் ஏலக்காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் மடியிலிருந்து எடுத்துத் தந்தது. மூன்று, சிலமலை மாயாண்டியின் வெற்றிலைக் கொடிக்கால், எட்டாவது வரிசை, நானே கொடியிலிருந்து கிள்ளியது.

மூன்றாவதில்தான் ஈயம். மற்ற இரண்டையும்விடப் பல மடங்கு.

டீக்கடையில் விளக்கிச் சொன்னேன். இருபது பேர் நின்று கேட்டார்கள். சரி, ஆறு பேர்.

குடை அங்கேயே மறதி.

ஐப்பசி 10, செவ்வாய். மழை இல்லை.

தேன்மொழி போனில். "மாமா, இன்னொரு தடவ சோதிக்கணும். அதுவரைக்கும் யார்கிட்டயும் வாயத் திறக்காதீக."

அதற்குள் பேச்சு சிலமலை வரை போய்விட்டது.

"கொடியில கிள்ளி நேராப் பொட்டலத்துலதான வச்சீக? ஈயம் வச்சுப் பத்தவச்ச டப்பா எதுலயும் போடலையே?"

"ஒங்க மாமன் அப்படிப்பட்ட ஆளா, ஆத்தா?" என்றேன்.

கடைவாய்ப் பல்லில் வலி. கத்தரிக்காய் வாங்க வேண்டும்.

ஐப்பசி 11, புதன். வெயில்.

சந்தையில் மாயாண்டியின் இலைக்கட்டைத் தொடுவாரில்லை. கடைக்காரர் சிரிக்கிறார்: "வெஷ எலைய எவன் வாங்குவான்? ஒங்க வாயில விழுந்தா அம்புட்டுத்தான், அண்ணே." முந்தாநாள் என்றால் மீசையை முறுக்கியிருப்பேன்.

என் பித்தளை வெற்றிலைப் பெட்டி. அடியில் ஓட்டை விழுந்து ஈயம் வைத்துப் பற்றவைத்தது. அதிலிருந்துதான் முப்பது வருடமாகத் தின்கிறேன். ஜமீன்தார் கொடுத்தது என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். மாமனார் கொடுத்தது.

இன்று வெற்றிலை போடவில்லை. வாய் என்னவோ போல.

ஐப்பசி 12, வியாழன். மலை தெரியாத மூட்டம்.

முதல் பஸ்சில் சிலமலை. பெட்டியும் பையில். கொடிக்கால் வாசலில் செருப்பைக் கழற்றினேன். செருப்புக் காலோடு உள்ளே போனால் கொடி பட்டுப்போகும் என்பார்கள். இலை கிள்ள வந்த அன்று மாயாண்டி கழற்றச் சொன்னபோது ரோஷம் வந்துவிட்டது. எனக்கா சொல்கிறான் என்று.

இன்று அவன் கையில் அரிவாள். அவன் பெண்சாதி அகத்தி மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாங்கண்ணே. அம்புட்டையும் அறுக்க மனசு வரல. அந்த எட்டாவது வரிசைய மட்டும் காட்டுங்க. கெழக்க இருந்து எண்ணுனீகளா, மேக்க இருந்தா?"

எந்தப் பக்கமிருந்தும் எண்ணவில்லை. பெட்டியை அவன் முன்னால் வைத்துச் சொன்னேன். அன்று வாசலோடு திரும்பிவிட்டேன். மூன்றாவது பொட்டலத்தில் இருந்தது, இந்தப் பெட்டியில் இரண்டு நாள் கிடந்த சந்தை வெற்றிலை.