காஜா வெட்டிய அட்டை

ஜூன் 9

அன்புள்ள பெரியவளுக்கு,

அன்றைக்குப் பள்ளிக்கூட அறையில் இருந்தவர்கள்: தலைமையாசிரியை, மூன்றாம் வகுப்பு டீச்சர், மணியடிக்கும் அம்மா, உன் மகள், நான். ஆறாவதாக நீயும் இருந்தாய், மேஜைமேல், காகிதமாக. "என் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது. மூன்றாம் வகுப்பிலேயே இன்னொரு வருடம் இருக்கட்டும்" என்று கடல் தாண்டி நீ எழுதி அனுப்பியதை டீச்சர் வாசித்தாள். குட்டி தலை நிமிரவில்லை.

"பாத்தீங்களாம்மா, பெத்தவங்களே சொல்லிட்டாங்க" என்றாள் டீச்சர்.

"பெத்தவளைப் பெத்தவ இன்னும் சொல்லலியே!" என்றேன். மணியடிக்கும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாயால் கேட்கச் சொன்னேன். கணக்கு, பாடம், எதைக் கேட்டாலும் டாண் டாணென்று சொன்னாள். புத்தகத்தைப் பிரித்ததும் ஊமை. "எழுத்தெல்லாம் ஓடுது பாட்டி."

"ஒரு மாசம் பாக்கலாம். ஒரு பக்கம் வாசிச்சுட்டா நாலாவது. இல்லைன்னா மூணாவதுதான்" என்றார் தலைமையாசிரியை.

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எழுதிவிட்டாய். உன்னை மன்னிப்பதாக இல்லை. வேளைக்குச் சாப்பிடு.

அம்மா

ஜூன் 20

அம்மாவுக்கு,

திட்டும்போதும் சாப்பிடச் சொல்ல உன்னால்தான் முடியும். எனக்கும் எழுத்து ஓடும் அம்மா. இந்தக் கடிதத்துக்கே இரண்டு நாள் ஆனது. இங்கே சலவைக்கூடத்தில் துணிப் பட்டியலை நீட்டினால், கண் வலிக்கிறதென்று பக்கத்தில் நிற்பவளிடம் தள்ளிவிடுவேன். குட்டியாவது அவமானப்படாமல் மெதுவாகப் போகட்டும் என்றுதான் எழுதினேன்.

என் வாத்தியார் "இவளுக்கு ஏறாது" என்றாரே, அன்று நீ என்ன சொன்னாய்? ஞாபகம் இருக்கிறதா?

பெரியவள்

ஜூலை 11

என் கண்ணுக்கு,

எனக்கா ஞாபகம் இருக்காது? வாத்தியார் சட்டைப்பையில் நீல மைக்கறை. உனக்கு ஆறாம் வகுப்பு, ஒற்றைப் பின்னல். மறுநாளே உன்னைத் தையல் மெஷின் முன்னால் உட்கார வைத்தேன்.

குட்டி சங்கதியைக் கேள். காலண்டர் அட்டையில், சட்டைப் பொத்தானுக்குக் காஜா வெட்டுவதுபோல நீளமாக ஒரு துளை போட்டேன். புத்தகத்தின்மேல் வைத்தால் ஒரே ஒரு வரிதான் தெரியும். "பாட்டி, இப்ப நிக்குது!" என்று கத்தினாள். தினமும் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தாள்.

நேற்று அதே அறை, அதே ஆட்கள். அட்டையை வரிவரியாக இறக்கிக்கொண்டே ஒரு பக்கம் வாசித்து முடித்தாள். "போதும்மா" என்றார் தலைமையாசிரியை. இவள் நிறுத்தினால்தானே! "இருங்க டீச்சர், அந்த ஆடு கிடைச்சுதான்னு பாக்கணும்" என்று அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டாள். எனக்கு நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. நாலாம் வகுப்பு!

டீச்சர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னும் நாலு வெட்டித் தர்றீங்களா? என் வகுப்புல இன்னும் சில பிள்ளைங்க இப்படித்தான்." பன்னிரண்டு வெட்டிக் கொடுத்தேன். அவளை மன்னித்துவிட்டேன்.

பதின்மூன்றாவது இந்த உறைக்குள் இருக்கிறது. உன் துணிப் பட்டியல்மேல் வைத்துப் பார்.

உன்மேலும் கோபமில்லை. மைக்கறை வாத்தியாரையும் விட்டுவிட்டேன். அவர் வாய் தவறிச் சொன்னார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல், "சரிங்க சார்" என்று தலையாட்டி உன் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாளே ஒருத்தி, அவளை மட்டும் மன்னிக்கவே மாட்டேன்.

இப்படிக்கு அவளே,
உன் அம்மா