பாறை எழுத்தைப் படியெடுத்த ஞாயிறு

சனி, 9 பெப்ரவரி 1929

காலையிலேயே புழுக்கம். சர்வே ஆபீஸில் அரை நாள் வேலை. புக்கிட் மெர்தாஜாம் மலையடிவாரத்துப் பாறையில் ஏதோ பழைய எழுத்து. அதைக் காகிதத்தில் படியெடுத்துத் தர வேண்டும். இரண்டு முறை போனேன், இரண்டு முறையும் காகிதம் கிழிந்தது. திங்களன்று கையில் இல்லாவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாகச் சர்வே துரை சொல்லிவிட்டார்.

வாங்க வேண்டியது: காகிதம் பத்துத் தாள், மை, வாழைப்பழம்.

செல்லம் என்னைக் கல்யாணம் கட்டிக்கொண்டு ஊரிலிருந்து கப்பலில் வந்து இறங்கி மூன்று மாதம். வாசற்படி தாண்டுவதில்லை. பேச்சும் குறைவு. ஊருக்கே அனுப்பிவிடுங்கள் என்று போன வாரம் கேட்டாள். நாளைக்குக் கூட வருகிறாயா என்று இன்று கேட்டுப் பார்த்தேன். சரி என்று தலையாட்டினாள்!

ஞாயிறு, 10

நல்ல வெயில். அக்கரைக்கு ஃபெர்ரி, பிறகு பிறை ஸ்டேஷனிலிருந்து ரயில். பாறையைக் கழுவி, ஈரக் காகிதம் ஒட்டி, பிரஷ்ஷால் அடித்தேன். முதல் தாள் கிழிந்தது. இரண்டாவதும்.

செல்லம் பிரஷ்ஷைப் பிடுங்கினாள். "கல்லு சொரசொரன்னு இருக்கு. இப்பிடி அடிச்சா கிழியாம என்ன செய்யும்?"

பழந்துணியைப் பந்தாகச் சுருட்டி, குழந்தை முதுகில் தட்டுவதுபோல் தட்டினாள். காய்ந்ததும் மை ஒற்றினோம். கறுப்பில் வெள்ளை வெள்ளையாக எழுத்து!

விறகோடு வந்த ரப்பர்த் தோட்டத்து அக்கா ஒருத்தி, நம்ம எழுத்தா என்று விசாரித்தாள். நம் ஊர்ப் பக்கத்து எழுத்துதானாம், ஆயிரம் வருஷத்துக்கு மேலாம், துரை சொன்னது, எனக்குப் படிக்கத் தெரியாது என்றேன்.

செல்லம் பாறையில் கைவைத்து நின்றாள். "அப்பவே கப்பலேறி வந்திருக்காங்களா? தனியா என்ன பண்ணியிருப்பாங்க?"

பிறகு என் மூக்கில் மை என்று சிரித்தாள். இங்கு வந்தபின் முதல் சிரிப்பு. அக்கா மரவள்ளிக்கிழங்கு கொடுத்தாள். இருவருக்கும் பேச்சு ஓயவில்லை. ரயில் தப்ப இருந்தது.

திங்கள், 11

மாலையில் மழை. துரை தாளை விரித்தவர் உட்காரவே இல்லை. யார் செய்தது என்றார். என் மனைவி என்றேன். கை குலுக்கினார்.

ஓடிவந்தால் வீடு பூட்டு. பக்கத்து வீட்டிலும் இல்லை. தெருமுனை வரை நனைந்துகொண்டே ஓடினேன்.

எதிரே செல்லம், தனியாக, கூடையோடு. பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, போனாளாம்.

"மலாய்க்காரங்க பேச்சுல இக்கான்னா மீனு. உங்களுக்குத் தெரியுமா?"

இங்கு வந்த முதல் வாரமே நான் கற்ற சொல்.

தெரியாது என்றேன்.