நிறுத்தச் சொன்ன கணக்கு

எலுமிச்சை வாசனைத் தெளிப்பான் அடித்த மண்டபத்தில் இன்று காலை உனக்கு அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். அந்த வாசனை இன்னும் என் சேலையில் இருக்கிறது. நம் நீர்ப்பாசன அலுவலகப் பணிப்பாளர் தன் அறையில் அடிக்கிற அதே தெளிப்பான். “பல்லி செத்தாலும் இதைத்தான் அடிப்பார்” என்று மூக்கைச் சுளிப்பாய்.

மேடையில் அவர் போன மாரியின் வெள்ளத்தைப் பற்றிப் பேசினார். அன்றைக்கு உண்மையில் நடந்தது நம் இருவருக்கும் தெரியும். குளத்தின் கதவுகளைத் திறந்தால் தண்ணீர் எதுவரை ஏறும் என்று கணிக்கும் நிரல், கொழும்பில் இருந்த பெரிய கணினியில் முந்தின நாளிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. கிளிநொச்சியிலிருந்து ஒரு கறுப்புத் திரை வழியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இடி விழுந்து இணைப்பு அறுந்தது. மறுபடி உள்ளே போனபோது புதுத் திரை வெறுமையாக இருந்தது.

“போச்சு” என்றேன்.

நீ ஓடுகிற நிரல்களின் பட்டியலை எடுத்தாய். “சாகேல்லையடி. இஞ்ச பார், ஓடிக்கொண்டுதான் இருக்கு. ஆனா முடிவை எழுதட்டோ எண்டு கடைசியிலை ஒரு கேள்வி கேக்கும். அதை அறுந்துபோன பழைய திரையிலைதான் கேக்கும். ஆர் பதில் சொல்லுறது?”

அப்போதுதான் பணிப்பாளர் எட்டிப் பார்த்தார். “நிப்பாட்டிப் போட்டு போன வருச வரைபடத்தை அனுப்புங்கோ. ஆர் பாக்கப் போகினம்?” சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். குளத்துக்குக் கீழே சனம் இருந்தது.

நீ நிறுத்தவில்லை. ஓடுகிற நிரலைப் பழைய திரையிலிருந்து கழற்றிப் புதியதில் மாட்டும் சிறு கருவி ஒன்று உண்டு. அதை ஓட்ட நமக்கு அனுமதி இல்லை. கொழும்பில் கணினியைப் பார்ப்பவருக்குத் தொலைபேசி எடுத்தாய். “அண்ணை, கொஞ்ச நேரம் திறந்து விடுங்கோ. சனத்தின்ரை விசயம்.” திறந்தார். நிரலின் எண்ணைக் கொடுத்தாய். சற்றுப் பொறுத்து புதுத் திரையில் எண்கள் வரத் தொடங்கின. பின்னேரம் அந்தக் கேள்வியும் வந்தது. ‘ஆம்’ என்று அடித்தாய்.

பழைய வரைபடத்தில் காய்ந்து கிடந்த ஒரு தெரு புதியதில் தண்ணீருக்குள் இருந்தது. இருட்டுமுன் அந்தத் தெருச் சனத்தைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றினார்கள்.

“நிப்பாட்ட வேண்டாம் எண்டு நான்தான் சொன்னனான்” என்றார் இன்று மேடையில். அதைக்கூட விழுங்கியிருப்பேன். அடுத்து, “காய்ச்சலோடையும் வேலைக்கு வந்த பிள்ளை” என்றார்.

வெள்ளம் வடியுமுன் நீர்மட்டக் கோலைப் பார்க்க உன்னைச் சேற்றுக்குள் அனுப்பியவர் அவர். காய்ச்சல் என்று நீ விடுப்புக் கேட்டபோது, “காய்ச்சல் குளிசையைப் போட்டுக்கொண்டு வாங்கோ” என்றவரும் அவர். ஆஸ்பத்திரியில் எலிக்காய்ச்சல் என்று கண்டுபிடித்தபோது உன் சிறுநீரகங்கள் பழுதாகிவிட்டிருந்தன.

எழுந்து நின்றேன். “அவா லீவு கேட்டவா, சேர். நீங்கள் குடுக்கேல்லை.”

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். முன்வரிசையில் இருந்த உன் அம்மா அழவில்லை. மேடைக்குப் போய், உன் படத்தின் மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, படத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். “வா பிள்ளை, வீட்டை போவம்” என்று என்னைக் கூப்பிட்டார்.

உங்கள் ஊர் கனகராயன்குளம் வரை பஸ்ஸில் உன் படம் என் மடியில் இருந்தது. “லீவு கேட்டதை எனக்கு ஏன் சொல்லேல்லை அவள்?” என்று அம்மா கேட்டார்.

நாளைக்கும் வேலைக்குப் போவேன். பணிப்பாளரின் குரலைக் கேட்டாலே ஓங்காளம் வரும். வரட்டும், அதை அடக்கப் போவதில்லை. இனி அவர் அறைக்கு யார் விடுப்புக் கேட்டுப் போனாலும், பக்கத்தில் நானும் போய் நிற்பேன்.