வாண்டு தூங்கும் நேரம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று முதல் புது ஏற்பாடு. குளிப்பாட்டு, ஊட்டு, விளக்கை அணை, பாடு, தொட்டிலில் கிடத்து. தினமும் இதே வரிசை, இதே நேரம். பழகிவிட்டால் பிள்ளை தானாகத் தூங்கிவிடும் என்று குழந்தை டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு அவர் தன் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

எங்கள் வாண்டுக்கு எட்டு மாதம். மனைவி மருந்துக்கடைக்குப் பிள்ளை விழிக்கும் முன்பே கிளம்பி, இருட்டிய பிறகுதான் வருகிறாள். எனக்கு லிப்ட் பழுது பார்க்கும் வேலை, சாயங்காலத்தோடு முடிந்துவிடும். ஆகவே குழந்தைகள் காப்பகத்திலிருந்து தூக்கி வருவதும் தூங்க வைப்பதும் என் தலையில்.

வாண்டு குளித்தாள். வாழைப்பழத்தில் பாதியை என் சட்டைக்கு ஊட்டினாள். விளக்கை அணைத்ததும் சிரித்தாள். பாடியதும் அழுதாள். தொட்டிலில் போட்டதும் எழுந்து உட்கார்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாளே — வேலைக்குச் சேர்ந்த அன்று என் போர்மேன்கூட அப்படிப் பார்த்ததில்லை.

மார்ச் 5

அதே கதை. எழுதத் தெம்பில்லை.

மார்ச் 8, சனி

அக்கா போனில் பேசினாள். "நேரம் பாத்தா பிள்ள வளக்குறது? தூக்கம் வந்தா தூங்கிட்டுப் போகுது" என்றாள். மூன்று பெற்றவள். அந்த மூன்றும் இருட்டிய பிறகு வீட்டைத் தலைகீழாக்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

லிப்ட் நின்றுபோனால் எங்கே கோளாறு என்று பலகையில் ஓர் எண் வரும். இவளுக்கும் அப்படி ஒன்று இருந்தால் என்ன? பல்லா, வயிறா, பசியா, என் குரலா? குரலாகத்தான் இருக்க வேண்டும்.

மார்ச் 12, புதன்

தூங்கினாள்! பாட்டின் இரண்டாவது வரியிலேயே கண் சொருகியது. கிடத்தினேன். கையை உதறவில்லை. மூச்சுகூட விடாமல் பின்னால் நகர்ந்தேன்.

அப்போது பார்த்துக் கதவில் சாவி. "குட்டிம்மா" என்று அவள் அம்மாவின் குரல். வாண்டு எழுந்து துள்ளினாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

பிறகு அம்மாவும் பெண்ணும் ஒரே சிரிப்பு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பால்புட்டி கழுவினேன். கடைசியில் வாயை விட்டேன். "அவ தூங்கினப்புறம் வந்தா என்ன கெட்டுப் போச்சு?"

பிள்ளையை என் தோளில் போட்டுவிட்டு முகம் கழுவப் போனாள். திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மார்ச் 18, செவ்வாய்

அன்றிலிருந்து வாண்டு ஒழுங்காகத் தூங்குகிறாள். மனைவி வரத்தான் தாமதமாகிறது. கடையில் சரக்குச் சரிபார்ப்பாம். வீடு அமைதியாக இருக்கிறது. ஜெயித்துவிட்ட மாதிரி இருக்க வேண்டும். ஏன் இல்லை?

மார்ச் 20, வியாழன்

கீழ்வீட்டு டைலரம்மா காலையில் பிடித்துக்கொண்டார். "தம்பி, உங்க வீட்ல அவங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? தினம் மாடிப்படியில உக்காந்திருக்காங்களே."

மாலை வாண்டு தூங்கியதும் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். படி திரும்பும் இடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சத்தம் வரக் கூடாதென்று செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள். போனில் பிள்ளையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூங்கிட்டாளா?" என்றாள்.

ச்சே. அந்த அர்த்தத்திலா சொன்னேன்? வேறெந்த அர்த்தத்தில் சொன்னேன்? பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

விடுமுறைதானே, இன்று நீ தூங்க வை என்றேன். அதே குளியல், அதே பாட்டு. என்னைவிட ஆயிரம் மடங்கு நன்றாகப் பாடினாள். வாண்டு வில்லாக வளைந்து, முகம் சிவக்கக் கத்தி, கதவருகே நின்ற என்னை நோக்கி இரண்டு கையையும் நீட்டினாள்.

பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டாள். "நான் இவளுக்கு யாருங்க? ஞாயித்துக்கிழம வர்ற விருந்தாளியா?"

அழவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

யார்மேல் கோபப்படுவது? டாக்டர்மேலா? பிள்ளைமேலா? எம்மேலதான். பழக்குறேன் பழக்குறேன்னு பழக்கி, பெத்தவளையே வேத்தாளாக்கி வச்சிருக்கேன்.

மார்ச் 24, திங்கள்

இருவரும் பேசினோம். தூங்கும் நேரத்தைத் தள்ளிப்போடுகிறோம். குளியலும் ஊட்டலும் என் வேலை. பாட்டும் தொட்டிலும் அவளுடையது, அவள் வந்த பிறகுதான்.

காப்பகத்து ஆயாவிடம், சாயங்காலம் ஒரு குட்டித் தூக்கம் போட வையுங்கள் என்றேன். முன்பு தூங்க விடாதீர்கள் என்று சொன்னதும் இதே வாய்தான். "வீட்ல பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டுச் சொல்லுங்க சார்" என்றார். நியாயம்தான். இருந்தாலும் எரிச்சல்.

மார்ச் 28, வெள்ளி

நரகம். கட்டிய சுவரை நானே இடித்த மாதிரி. தூக்கம் கண்ணைச் சுழற்றும் பிள்ளைக்கு நான் கிலுகிலுப்பை ஆட்டி ஆட்டம் காட்டுகிறேன். அம்மா வரும் நேரத்தில் வெறிபிடித்த மாதிரி கத்துகிறாள். அம்மா தூக்கினால் என்னைத் தேடுகிறாள். நான் தூக்கினால் காதைக் கடிக்கிறாள்.

பழையபடியே போய்விடலாமா என்று நான்தான் கேட்டேன். "இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்" என்றாள், அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டு நடந்தபடியே. கெஞ்சலாகக் கேட்கவில்லை. முடிவு செய்துவிட்டவள் குரல்.

ஏப்ரல் 3

பரவாயில்லை. பரவாயில்லைன்னு எழுதுற அளவுக்கு மட்டும்.

ஏப்ரல் 9, புதன்

குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது அழைப்பு. ஒரு துணிக்கடை லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஆட்கள். நல்லவேளை, மனைவி அப்போதுதான் உள்ளே நுழைந்தாள். ஈரப் பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன்.

எல்லோரையும் வெளியே எடுத்துவிட்டுத் திரும்பும்போது, வீடு நெருங்க நெருங்கக் காதைத் தீட்டிக்கொண்டே வந்தேன். சத்தமில்லை.

அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "தூங்கிட்டா" என்றாள், வாய் நிறையச் சோற்றோடு.

"என்னைத் தேடினாளா?"

"இல்ல."

கை கழுவப் போனேன். கிரீஸ் போக மறுபடி மறுபடி சோப்புப் போட்டேன். வந்து எதிரே உட்கார்ந்தேன்.

"ஒரு தடவகூடவா?"

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சரி, ஒரு தடவ தேடினா."

பொய். பொய்யென்று இருவருக்குமே தெரியும். தட்டை நீட்டினேன். சோறு இன்னும் சூடாக இருந்தது.