ஆமை வகுப்பு

12.02.2001
கொம்பியூட்டர் வகுப்பு, ஆனால் கொம்பியூட்டர் இல்லை. கரண்டும் இல்லை. வற்றாப்பளைக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. நான்கூட வவுனியாவில் மாமா வீட்டில் நின்று மூன்று மாதம் படித்ததோடு சரி. அங்கே முதலில் பழக்கியது ஆமை. திரையில் ஒரு சின்ன ஆமை நிற்கும். கட்டளையை அடித்தால் கோடு கீறிக்கொண்டு நடக்கும்.

இங்கே ஆமைக்குப் பதில் ஒரு பிள்ளை, கையில் தடி, காலடியில் மணல். மற்றவர்கள் கத்துவார்கள்: "முன்னுக்குப் பத்து! வலம் திரும்பு!" நாலு தரம் சொன்னால் சதுரம் வந்துவிடும். இன்று பிரேமிளா ஒரு வீட்டையே கீறுவித்தாள், கூரையோடு. பதினெட்டு வயது. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். தாய் மீனம்மா வயல் கூலிக்குப் போகிறவர். பிள்ளை நல்ல கெட்டிக்காரி.

உண்மையான கட்டளைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. நான் தமிழிலேயே பழக்குகிறேன். அந்தக் குடியேற்றப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் ஏறாது, பயந்து நின்றுவிடுவார்கள்.

09.03.2001
வவுனியாவில் ஒரு பயிற்சி நிலையம் ஊருக்கு ஒரு பெண்பிள்ளையை எடுக்கிறதாம். ஆறு மாதம் விடுதியில் வைத்துப் படிப்பித்து, பிறகு ஆசிரியை வேலை. தெரிவுக்கு, கொம்பியூட்டரில் ஆமையைக் கொண்டு ஒரு படம் கீறிக் காட்ட வேண்டும். பிரேமிளாவின் பெயரைக் கொடுத்தேன்.

21.03.2001
வவுனியாவுக்குப் போய்வர அவளுக்குப் பயணப் பாஸ் கிடைத்துவிட்டது. மீனம்மா அம்மனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறார். ஆங்கிலக் கட்டளைகளைச் சொல்லிக் கொடுக்கவேண்டுமே — இப்போது சொன்னால் குழம்பிப்போவாள். அங்கே யாராவது சொல்லாமலா விடுவார்கள்?

பொய். இத்தனை நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டுவிடுவாள் என்ற பயம். அவ்வளவுதான்.

24.03.2001
மழை. போய்ச் சேர்ந்திருப்பாள்.

30.03.2001
வந்துவிட்டாள். இடம் கிடைக்கவில்லை.

"அந்த மெசினுக்குத் தமிழே தெரியாது ரீச்சர். முன்னுக்கு எண்டதை இங்கிலிஸ் எழுத்திலை அடிச்சுப் பாத்தன். தெரியாது, தெரியாது எண்டே மறுமொழி வந்துது. பக்கத்துப் பிள்ளையள் சிரிச்சவை. நீங்கள் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"மறந்துபோனன்" என்றேன்.

வாய் கூசாமல் சொன்னேன். நானெல்லாம் ஒரு ரீச்சர்!

02.04.2001
மீனம்மா முருங்கைக்காய் கொண்டுவந்து தந்தார். என்னைத் தேற்ற வந்தாராம்.

"எங்க புள்ளைக்கு இங்கிலீசு மண்டையில ஏறல டீச்சரம்மா. அதுக்கு நீங்க என்ன செய்வீங்க? மனசு சங்கடப்படாதீங்க."

நான் மனதுக்குள் நினைத்ததை அப்படியே அந்த மனுசி தன் வாயால் சொல்கிறார். முருங்கைக்காயை வாங்கி வைத்துக்கொண்டு நின்றேன். அவர் போன பிறகு குசினிக்குள் அடுப்படியில் இருந்து அழுதேன். அழுது என்ன? அந்தப் பிள்ளையின் ஆறு மாதத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

05.04.2001
அவர்கள் வீட்டுக்குப் போனேன். பிரேமிளா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். நின்ற நிலையிலேயே சொன்னேன்: "நான் மறக்கேல்லை. உமக்கு இங்கிலிஸ் ஏறாதெண்டு நினைச்சன்."

அவள் பிழிந்துகொண்டிருந்த பாவாடையைக் கீழே வைத்தாள்.

"எனக்கோ, எங்கட ஆக்களுக்கோ?"

ஒரு பொய் சொல்லியிருந்தால் தப்பியிருப்பேன். "உங்கட ஆக்களுக்கு" என்றேன்.

"ஒரு மணித்தியாலம் பக்கத்துப் பிள்ளை அடிச்சதைப் பாத்தே எல்லாத்தையும் பாடமாக்கிக்கொண்டு வந்தனான் ரீச்சர். அதுக்குள்ளை நேரம் முடிஞ்சுபோச்சு."

திரும்பவும் பாவாடையை எடுத்துப் பிழிந்தாள்.

10.04.2001
பிரேமிளா வகுப்புக்கு வரவில்லை.

19.04.2001
மூன்று பிள்ளைகள்தான் வந்தார்கள். குடியேற்றத்துப் பிள்ளைகள் ஒருவரும் இல்லை. தாய்மாருக்கும் தெரிந்திருக்கும். தெரியட்டும். எனக்கு வேண்டியதுதான்.

28.04.2001
பின்னேரம் சைக்கிளில் மீனம்மா வீட்டைத் தாண்டி வந்தேன். வேலிக்கு உள்ளே ஆங்கிலத்தில் சத்தம்: "போவேட் பத்து! றைற் தொண்ணூறு!" எட்டிப் பார்த்தேன். வராமல் போன பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த முற்றத்தில். நடுவில் பிரேமிளா. எங்கள் ஆட்களின் பிள்ளைகளும் இரண்டு பேர் நின்றார்கள்.

சைக்கிளைத் திருப்பப் பார்த்தேன். அதற்குள் கண்டுவிட்டாள். சிரிக்கவில்லை.

"வாறதெண்டா வாங்கோ ரீச்சர். ஆனா சும்மா நிண்டு பாக்கேலாது. நாங்கள் சொல்லச் சொல்ல நடக்கோணும்."

பிள்ளைகள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஒருத்தி தடியை நீட்டினாள்.

செருப்பைப் படலையடியில் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.