பேச்சியின் முதுகு

இன்று காலை பக்கத்து வீட்டிலிருந்து மஞ்சள் சுட்ட வாசனை வந்தது. விரலி மஞ்சளை விளக்கில் காட்டிக் கருக்கினால் வருமே, அந்த வாசனை. பிள்ளைக்குச் சளி, மூக்கில் புகை காட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இருப்புக் கொள்ளவில்லை. உறை ஊற்ற மோர் இல்லை என்று ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு, கிண்ணத்தோடு அங்கே போய் நின்றேன். பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு அம்மா மடியில் சுகமாக உட்கார்ந்திருந்தது. கொஞ்சுவதுபோல அதன் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து உன்னைத்தான் திட்டினேன். என்னை இப்படி ஆக்கிவிட்டு நீ செத்துப்போய் மூன்று வருஷமாகிறது.

நம் இருவரையும் நகரசபையில் ஒரே வருஷம் வேலைக்கு எடுத்தார்கள். நான் அம்மை குத்துகிறவள், நீ பிரசவம் பார்க்கிறவள். இருவருக்கும் மேற்குப் பக்கத்துத் தெருக்கள்தான் விழுந்தன. நம்மிடம் இருந்தது ஒரே குடை. "பேரையூர்க்காரிக்கு வெயிலு பழகுனதுதானே, குடைய இங்கிட்டுச் சாய்டி" என்பாய். கோட்டைக்குள் அத்தரும் நிழலுமாக வளர்ந்த துலுக்க வீட்டுப் பெண், வைக்கோல் படப்பு ஓரம் வளர்ந்த என்னை அப்படி விரட்டுவாய். கோபம் வரும். குடையைச் சாய்த்துவிடுவேன்.

என் தொழிலில் ஒரு கோணல் உண்டு. உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். மற்றவர்களுக்குப் பிள்ளை உடம்பில் தழும்பைக் கண்டால் மனசு பதறும். எனக்குத் தழும்பைக் கண்டால் நிம்மதி. கையில் வட்டத் தழும்பு இருந்தால் அந்தப் பிள்ளை அம்மையில் சாகாது. ஒரு தெருவில் எத்தனை தழும்போ அத்தனை சந்தோஷம். தழும்பு ஆறு மாதத்ததா ஆறு வருஷத்ததா என்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் பேச்சி விஷயத்தில் கோட்டை விட்டேன்.

காளவாசல் அப்போது பேருக்கு ஏற்ற மாதிரி சூளைகளும் புகையுமாகத்தான் இருந்தது. அங்கே ஒரு சூளையில் கங்காணியாக இருந்தவன் வீடு. நல்ல மனுஷன் என்று பேர். நாம் போனால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தட்டிவிட்டு ஸ்டூல் போடுவான், "உக்காருங்கம்மா" என்பான். அந்தக் கோடையில் ஊருக்குள் அம்மை கண்டிருந்ததால் எல்லாப் பிள்ளைகளுக்கும் மறுபடி குத்தச் சொல்லி உத்தரவு. அவன் மகள் பேச்சிக்கு ஆறு வயது. கையைப் பிடித்தேன். முழங்கைக்கு மேலே, பின்புறமாக, ஒரு சூட்டு வடு.

"இது என்னத்தா?" என்று அவள் அம்மாவிடம் கேட்டேன்.

"மாந்தத்துக்குச் சூடு போட்டதும்மா. கைப்புள்ளையா இருக்கயில" என்றாள். அவளுக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம்.

கைப்பிள்ளைக்குச் செரிக்காமல் மாந்தம் வந்தால் வயிற்றில் சுட்ட மஞ்சளை வைப்பது நம் பக்கத்தில் இல்லாத வீடு உண்டா? என் வயிற்றிலேயே இரண்டு இருக்கின்றன. ஆனால் பேச்சி கையில் இருந்த வடு இளஞ்சிவப்பு. ஆறு வருஷத்து வடு அப்படி இருக்காது. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "சூட்டுத் தழும்பு, மாந்தம்" என்று புத்தகத்தில் எழுதிவிட்டு, அடுத்த கையில் குத்திவிட்டு வந்துவிட்டேன். பெரிய மனுஷன் வீடு, வெயில் ஏறுகிறது, இன்னும் பதினோரு வீடு பாக்கி. காரணம் சொல்லலாம். எதுவும் செல்லாது.

எட்டாம் நாள், குத்தியது பிடித்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன். நன்றாகப் பிடித்திருந்தது. கொப்புளத்தைச் சுற்றி அழுத்தினேன். எந்தப் பிள்ளையும் அதற்கு அலறும். பேச்சி அலறவில்லை. அப்பன் முகத்தைப் பார்த்தாள், பல்லைக் கடித்துக்கொண்டாள். பாவாடையில் ஒண்ணுக்கு வாடை. தோளில் சட்டை சரிந்தபோது முதுகில் இன்னொன்று தெரிந்தது. அது வடு இல்லை, புண். இன்னும் ஈரம் காயவில்லை.

நேராக உன்னிடம்தான் ஓடி வந்தேன். நீ பிரசவப் பெட்டியில் கத்தரிக்கோலைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாய். நான் சொல்லி முடிக்கும்வரை துடைத்துக்கொண்டே இருந்தாய்.

"மாந்தச் சூட வயித்துல போடுவாக. நெத்தியில போடுவாக. முதுகுல எவ போடுவா? ஆறு வயசுப் புள்ளைக்கு என்னடி மாந்தம்? முத வடுவப் பாத்து எம்புட்டு நாளாச்சு?"

"எட்டு நாள்."

"யா அல்லா! எட்டு நாளா இத மடியில கட்டிக்கிட்டா அலைஞ்ச?"

அந்த எட்டு நாளுக்குள்தான் அந்த ஈரப்புண் விழுந்திருக்கிறது. நீ அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அப்போதே போய் அவனை நாலு கேள்வி கேட்டுவிடலாம் என்று நான் துள்ளினேன். நீ கையைப் பிடித்து உட்கார வைத்தாய். "நம்ம கேட்டுட்டு வந்துருவோம். நம்ம மேல உள்ள கோவத்த அவன் யாருகிட்ட காட்டுவான்?" என்றாய்.

மறுநாள் வயிற்றுப்பிள்ளையைப் பார்க்கவென்று நீ போனாய், நானும் ஒட்டிக்கொண்டேன். "ஆம்பளைக வெளிய இருங்க" என்று உனக்கே உரிய அதட்டலில் கங்காணியை வாசலுக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினாய். எந்தப் பெரிய மனுஷனும் மருத்துவச்சி சொன்னால் போய்த்தான் ஆகவேண்டும். அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டே, குரலை இறக்கி, "பேச்சி ஒண்ணுக்குப் போறாளாத்தா?" என்று மட்டும் கேட்டாய். அவ்வளவுதான், அவள் உடைந்துவிட்டாள். படுக்கையில் போய்விடுகிறாள், அதற்குத்தான் சூளைக் கங்கு இழுக்கிற இரும்பு இழுப்புக்கோலைக் காய்ச்சி வைக்கிறார், தடுக்கப் போனால் எனக்கும் விழுகிறது, மாந்தம் என்று சொல்லச் சொன்னதும் அவர்தான் என்றாள். அவள் கூடப் பிறந்த அண்ணன் கல்லுப்பட்டியில் இருக்கிறார். ஏதோ பேச்சில் முறைத்துக்கொண்டு கங்காணி அவரை வாசலை மிதிக்கக் கூடாது என்றுவிட்டான். அதனால்தான் ஆறு வயதாகியும் பிள்ளைக்குக் காது குத்தவில்லை. மாமன் மடி இல்லாமல் எப்படிக் குத்துவது?

நீ அந்த வாரமே பஸ் ஏறிக் கல்லுப்பட்டிக்குப் போய் அவரைக் கண்டுபிடித்தாய். அவர் அரிவாளைத் தேடினாராம். நீ குறுக்கே நின்று, "அருவா வேணாம்ணே, சீர்த்தட்டு எடுத்துட்டு வாங்க" என்றாயாம். காது குத்த வருகிற தாய்மாமனைப் பங்காளிகள் முன்னால் எவனும் விரட்ட முடியாது. கணக்கெல்லாம் சரி. ஆனால் அன்று ஆடி மாதம் மூன்றாம் தேதி. ஆடியில் யார் காது குத்துவார்கள்? ஆவணி பிறக்கும்வரை பேச்சி அந்த வீட்டில்தான் இருந்தாக வேண்டும்.

அந்த ஆடியை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது. மூன்று நாளுக்கு ஒருமுறை நான் போனேன். "குத்துனது சரியாப் பிடிக்கலண்ணே, பாக்கணும்" என்று அவனிடம் பொய் சொன்னேன். இடையில் நீ போனாய், வயிற்றுப்பிள்ளை தலை திரும்பவில்லை என்று நீ ஒரு பொய் சொன்னாய். கண் இருக்கிறது என்று தெரிந்தால் கை கொஞ்சம் தயங்கும் என்பது உன் நம்பிக்கை. ஒவ்வொரு தடவையும் தெருமுனையில் நின்று, வீட்டுக்குள்ளிருந்து பிள்ளையின் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பேன். சத்தம் கேட்டாலும் பயம், கேட்காவிட்டாலும் பயம். ஒருநாள் அவன் சிரித்துக்கொண்டே, "என்னம்மா, ஊருல வேற புள்ளைகளே இல்லையா?" என்றான். உன்னிடம் ஓடி வந்தேன். இன்று நம்மால்தான் பிள்ளைக்கு விழப்போகிறது என்று அழுதேன். நீயும் பயந்துதான் இருந்தாய், வெற்றிலையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாய். அப்போது சொன்னாய்: "தப்பாக் கேட்டுட்டா மன்னிப்புக் கேட்டுக்கலாம்டி. கேக்காம விட்டுட்டா யாருகிட்டப் போயிக் கேக்குறது?"

ஆவணியில், பங்காளிகள் மூலமாக நாள் குறித்துக்கொண்டு மாமன் வந்தார். மேளம், சீர்த்தட்டு, உறவு சனம் நாற்பது பேர். கங்காணி பல்லைக் கடித்துக்கொண்டு வரவேற்றான். நம்மையும் பந்தலில் உட்காரவைத்தார்கள். மாமன் கொண்டுவந்த புதுப்பாவாடை சட்டையைப் போட்டுத்தானே பிள்ளையை மடியில் வைக்க வேண்டும்? "உள்ள போயி மாத்துங்க" என்று அவன் எழுந்தான். "இருக்கட்டும் மாப்ள, மாமன் சீரு, மாமன் கையாலயே போடுறேன்" என்று அவர் பிள்ளையை இழுத்துப் பழைய சட்டையைக் கழற்றினார். மேளக்காரன் தானாகவே நிறுத்திவிட்டான். அந்தச் சின்ன முதுகில் ஏழு இருந்தன. நான் எண்ணினேன். எண்ணுவதுதானே என் வேலை.

"மாப்ள, இது என்ன?"

"படுக்கையில ஒண்ணுக்குப் போறா மச்சான். பெத்தவன் கண்டிக்காம வேற யாரு கண்டிப்பா?"

கூட்டத்தில் ஒரு பெரியவர், "அப்பன் புள்ள விசயம், நம்ம என்னத்தச் சொல்ல" என்று இழுத்தார். இரண்டு தலைகள் ஆடின. அவ்வளவு பாடுபட்டு, எல்லாரும் பார்த்த பிறகும், இது இப்படியே மூடிப்போகும் என்று பட்டது. நீ எழுந்தாய். "ஒண்ணுக்குப் போறது சீக்குங்க. சீக்குக்குக் கம்பியக் காய்ச்சுவாகளா?" என்றாய். அப்போதுதான் உள்ளேயிருந்து பேச்சியின் அம்மா வந்தாள், நிறைமாத வயிற்றோடு நிலையைப் பிடித்துக்கொண்டு.

"கூட்டிட்டுப் போண்ணே" என்றாள். "எம்புள்ளையக் கூட்டிட்டுப் போயிரு."

பெற்றவளே சொன்ன பிறகு அந்தப் பெரியவரே எழுந்து வழி விட்டார். அன்று காது குத்தி முடிந்ததும் பேச்சி மாமன் தோளில் கல்லுப்பட்டிக்குப் போனாள். அடுத்த மாதம் அந்த வீட்டில் பையன் பிறந்தான். அவனை எடுத்துக் கங்காணி கையில் கொடுக்கும்போது, "வாராவாரம் வருவேன். இவன் உடம்ப எனக்கு அங்கம் அங்கமாத் தெரியும்" என்று நீ சொன்னாய். ஐந்து வருஷம் விடாமல் போனாய். அந்தப் பையன் மேல் ஒரு கீறல் விழவில்லை.

இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை. தெரியாத ஒன்று போன மாதம் நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அம்மை குத்த வந்த வரிசையில் ஒரு பெண், இடுப்பில் பத்து மாதக் குழந்தை. "என்னைத் தெரியுதாம்மா?" என்றாள். காதில் மாமன் போட்ட அதே தோடு. பேச்சி! அவளைக் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டிருக்கும்போதே, சொல்லக் கூசுகிறது, எனக்குள் அந்தப் பழைய பயம் எழுந்துவிட்டது. சூடு பட்ட கை சூடு வைக்குமோ? குழந்தையின் கையில் குத்தினேன். என் விரல் தானாகச் சட்டையின் கீழ் விளிம்புக்குப் போனது. சட்டென்று இழுத்துக்கொண்டேன். இவளிடமா சந்தேகப்படுவது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பேச்சி அதைப் பார்த்துவிட்டாள். கோபித்துக்கொள்ளவில்லை. குழந்தையின் சட்டையை முழுசாகக் கழற்றி, மடியில் குப்புறப் போட்டு, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தாள்.

"பாருங்கம்மா. நல்லாப் பாருங்க. எல்லாப் புள்ளைக்கும் இப்படித்தான் பாக்கணும்."

பார்த்தேன். வழவழவென்று ஒன்றுமில்லாத முதுகு. என் வாழ்நாளில் தழும்பே இல்லாத ஓர் இடத்தைப் பார்த்து நான் அப்படி அழுததில்லை.