தாழ்ப்பாள் மாட்டியாகிவிட்டது, பெரியப்பா

பெரியப்பா,

இதனால் தங்களுக்கும், மேலே தங்கள் அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் அனைவருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் உள்ள நம் வீட்டின் ஒரே கழிப்பறைக் கதவுக்குப் புதிய தாழ்ப்பாள் பொருத்தப்பட்டுவிட்டது. நான்கு திருகாணிகள். பொருத்தியவர் தங்கள் தம்பி மகன், பதினேழு வயது, முன் அனுபவம் ஏதுமில்லை. விழா நடத்தவில்லை. அம்மா மட்டும் வந்து இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

மாட்டச் சொன்னதும் அம்மாதான். "இனி யாருக்குடா அவசரம்?" என்றார். கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நான் திருகாணிகளைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கதவைப் பார்த்தபடி நின்றேன். பழைய தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இன்னும் நான்கு ஓட்டைகள் இருக்கின்றன.

அதைக் கழற்றிய நாள் உங்களுக்கு மறந்திருக்காது. நீங்கள் கிள்ளானிலிருந்து பெட்டியோடு வந்து, புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ரேடியேஷன் வைத்துக்கொண்டிருந்த சமயம்; சிறுநீர் வந்தால் அடக்க முடியாது. அப்பா பஸ் ஓட்டிவிட்டு வந்து அங்கேதான் குளித்துக்கொண்டிருந்தார். நீங்கள் கதவைத் தட்டினீர்கள். மறுபடி தட்டினீர்கள். முகமெல்லாம் சோப்போடு அப்பா தாழ்ப்பாளைத் தடவித் திறப்பதற்குள் தாமதமாகிவிட்டது. நாற்பது வருடம் லோரி ஓட்டிய மனிதர், எங்கள் யாரையும் பார்க்காமல், தரையை நீங்களே துடைத்தீர்கள். அம்மா துணியை வாங்கப் பார்த்தார், நீங்கள் கொடுக்கவில்லை. அன்று சாயங்காலம் அப்பா ஸ்குரூடிரைவரை எடுத்துவந்து தாழ்ப்பாளைக் கழற்றிக் குப்பையில் போட்டார்.

அன்றிலிருந்து நம் வீட்டில் அவசரகாலச் சட்டம். உள்ளே இருப்பவர் பாட வேண்டும். நீங்கள் வெளியிலிருந்து "டேய்" என்று குரல் கொடுத்தால், பல்லவியோ சரணமோ, எந்த நிலையில் இருந்தாலும் வெளியே வந்துவிட வேண்டும். அம்மா முருகன் பாட்டு. அப்பாவுக்கு எந்தப் பாட்டும் இரண்டு வரிக்கு மேல் தெரியாது, அதனால் அவர் வேகமாகக் குளிக்கக் கற்றுக்கொண்டார். நான் பாடியதைக் கேட்டு எதிர்வீட்டு ஆன்டி வந்து, "தம்பிக்கு வயித்து வலியாம்மா?" என்று விசாரித்தார்.

ரேடியேஷன் முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "இனிமேதான் பார்த்துக்கிட்டே இருக்கணும் அங்கிள்" என்றார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுத்து, பிஎஸ்ஏ எண் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அது குறைந்துகொண்டே போனால் நல்லது. அப்பாவுக்கு வேலை, அம்மாவுக்கு வேலை. எனவே தங்கள் தனிச் செயலாளராக நான் நியமிக்கப்பட்டேன். சம்பளம் இல்லை, ரொட்டி சானாய் உண்டு.

அந்த வேலையை நான் சிறப்பாகவே செய்தேன் என்று எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன். ஆஸ்பத்திரி முடிந்ததும் உங்கள் கூட்டாளிகளைப் பார்க்கக் கிள்ளான் போவோமே, அந்தக் கொமுட்டர் ரயில் நிலையங்களில் எதெதில் கழிப்பறை பக்கம், எதெதில் படியேற வேண்டும் என்று எனக்கு மனப்பாடம். வரலாறு இப்படி மனப்பாடம் ஆகியிருந்தால் என் வாத்தியாருக்கு ரத்தக்கொதிப்பு வந்திருக்காது. நீங்களோ எந்தப் பெஞ்சைப் பார்த்தாலும் உட்கார்ந்தீர்கள். "களைப்பு எலும்புக்குள்ள உக்காந்திருக்குடா" என்பீர்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். சில சமயம் இரண்டு ரயிலை விட்டுவிடுவோம்.

கிள்ளான் கோப்பிக்கடையில் உங்கள் கூட்டாளிகள் காத்திருப்பார்கள். மணியம் அங்கிள் நலம் விசாரிப்பதற்கு முன்னால், "நம்பர் என்னா வந்துச்சு பாஸ்?" என்பார். உங்கள் பிஎஸ்ஏ எண்ணோடு ஆஸ்பத்திரியில் கொடுத்த வரிசை எண்ணையும் ஒட்டி, நாலு நம்பராக்கி, லாட்டரி கடைக்கு ஓடுவார்கள். ஒருமுறைகூட விழுந்ததில்லை. "உன் வியாதிக்கு ராசியே இல்லலா" என்று அவர் உங்களையே குறை சொன்னார்.

பிறகு ஒரு முறை எண் ஏறியது.

கொஞ்சம்தான். டாக்டரம்மா திரையை நம் பக்கம் திருப்பிக் காட்டினார். "ரேடியேஷனுக்கு அப்புறம் சில பேருக்கு இப்படிக் கொஞ்சம் ஏறி, தானா இறங்கும் அங்கிள். இப்பவே பயப்பட வேணாம். மூனு மாசம் பொறுங்க, மறுபடி எடுத்துப் பார்ப்போம்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "மூனு நிமிசமே பொறுக்க முடியாதவரு டாக்டர் இவரு, மூனு மாசம் எப்படிப் பொறுப்பாரு?" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். சிரித்த வேகத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினீர்கள். டாக்டரம்மாவும் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைப் பிடித்தார்.

அன்று கோப்பிக்கடையில் மணியம் அங்கிள் நம்பர் கேட்டபோது, "இந்தத் தடவை ஒன்னும் இல்ல" என்றீர்கள். அவர் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் கேட்கவில்லை.

அந்த மூன்று மாதம்தான் மிக நீளமாக இருந்தது. வீட்டில் எல்லோரும் சீக்கிரமே களைத்துப்போனார்கள். ரத்தம் எடுக்கும் நாள் காலையில் நீங்கள் சட்டை போடாமல் உட்கார்ந்திருந்தீர்கள்.

"போதும்டா. நீ பரீட்சை ஒரு தடவ எழுதினா முடிஞ்சிரும். நான் மூனு மாசத்துக்கு ஒரு தடவ எழுதுறேன். ஏறியிருந்தா என்னா செய்யப் போறேன்? தெரியாமயே இருந்துட்டுப் போறேன்லா."

எப்போதும் வாயில் நிற்கும் ஒரு கிண்டலும் வரவில்லை. "ரத்தம் குடுத்துட்டு வாங்க, ஒரு தே தாரேக் வாங்கித் தரேன். அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்" என்றேன். தேநீர் சிறுநீர்ப்பையைக் கிளறும் என்று உங்களுக்கு அதைக் குறைத்திருந்தார்கள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். "கூட சீனி?" என்றீர்கள். சட்டையைப் போட்டுக்கொண்டீர்கள்.

ரத்தம் கொடுத்தீர்கள். அந்தத் தேநீரை ஒரு மணி நேரம் குடித்தீர்கள். முடிவைக் கேட்க டாக்டர் கொடுத்த தேதிக்கு நான்கு நாள் இருக்கும்போது, மதியம் சோபாவில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இருதயம் என்றார்கள். இவ்வளவு நாள் எதைக் கண்காணித்துக்கொண்டிருந்தோமோ, அது வேறு எங்கோ ஓரமாகச் சும்மா நின்றுகொண்டிருந்தது.

அந்தத் தேதியில் அப்பாவும் நானும் போனோம். வரமாட்டீர்கள் என்று சொல்லத்தான். நர்ஸ் உங்கள் பெயரைக் கூப்பிட்டபோது பழக்கத்தில் நான் எழுந்துவிட்டேன். விஷயம் கேட்டு டாக்டரம்மா திரையைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், "சொல்லட்டுமா?" என்று கேட்டார். அப்பா தலையசைத்தார்.

இறங்கிவிட்டது, பெரியப்பா. முன்பு இருந்ததைவிடக் கீழே. பரீட்சையில் பாஸ்.

கிள்ளானுக்குப் போய் மணியம் அங்கிளிடம் சொன்னேன். அவர் அந்த எண்ணை எழுதிக்கொள்ளவில்லை. "அவன் கேக்காமப் போயிட்டானேடா" என்று மட்டும் சொன்னார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காரியத்தில் எல்லோரும் அழுதார்கள், நான் அழவில்லை. வந்தவர்களுக்குப் பந்தி போட்டேன், நாற்காலி அடுக்கினேன், சின்னப் பையன்களைச் சிரிக்க வைத்தேன். எதிர்வீட்டு ஆன்டிகூட, "இவன் ரொம்பத் தைரியம்" என்றார். இப்போது தாழ்ப்பாளும் மாட்டிவிட்டேன். என் கையால்.

ஆனால், யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், மாட்டினேனே தவிர, இன்றுவரை ஒருமுறைகூட அதைப் போட்டதில்லை. கதவைச் சும்மா சாத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்து பாடிக்கொண்டுதான் இருக்கிறேன். நடுநடுவே பாட்டை நிறுத்திவிட்டு, வெளியே யாராவது "டேய்" என்கிறார்களா என்று கேட்டுக்கொள்கிறேன்.